பலகையோடு ரைல்ஸ் கடைக்குப் போனோம்

போன சனிக்கிழமை காலை. யாழ்ப்பாண நகரத்தில், நிலத்துக்குப் பதிக்கிற ஓடுகள் விற்கும் ஒரு பெரிய ரைல்ஸ் கடை. கண்ணாடிக் கதவு, ஏசிக் குளிர், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலிலேயே யோசிக்க வைக்கும் நிலம்.

கதவைத் தள்ளிக்கொண்டு என் அம்மா உள்ளே போகிறார். கக்கத்தில் ஒரு மரப்பலகை.

சாதாரணப் பலகைதான். குசினியில் போட்டு இருந்துகொண்டு சமைப்பாரே, அது. நெடுந்தீவில் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து, கடலுக்குள்ளால் போகிற இரண்டு தாம்போதி தாண்டி, அந்தப் பலகை யாழ்ப்பாணம் வந்திருக்கிறது. பஸ்ஸில் அதற்கு யன்னல் சீற் வேறு!

ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். ஆனால் அதற்கு முதல் என் மடத்தனத்தைச் சொல்லவேண்டும்.

எங்கள் குசினி நிலம் சீமெந்து. தீவு மண்ணில் உப்பு இருக்கிறதே, அது சும்மா கிடக்காது. கீழே இருந்து ஏறி ஏறி, நிலமெல்லாம் வெள்ளையாய்ப் பூக்கும். கூட்டினால் மா மாதிரி வரும். அடுப்படியில் வெடிப்பு, தண்ணீர்ப் பானையடியில் பள்ளம், பள்ளத்தில் எறும்பு. பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்த நாள் முதல் எனக்கு ஒரே கனவு – இந்தக் குசினிக்கு ரைல்ஸ் பதிக்கவேண்டும்.

கனவோடு ஒரு பயமும் இருந்தது. அம்மாவுக்கு இரண்டு வருடமாக முழங்கால் சரியில்லை. நெடுநேரம் நிற்க முடியாது. பலகையில் இருந்தால் எழும்புவது பெரும்பாடு. அதனால்தான் காஸ் அடுப்பைக்கூடப் பதிவாக, நிலத்தோடு ஒட்டி வைத்திருக்கிறோம். இந்த நிலையில் புங்குடுதீவில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனோம். வெளிநாட்டுக் காசில் கட்டிய வீடு. நிலத்தைக் குனிந்து பார்த்துச் சீப்பால் தலை இழுக்கலாம், அப்படி ஒரு மினுக்கம். பந்தி முடிந்த நேரம், மாமி ஒருவர் ஈரக்காலோடு குசினிக்குள் போனார். விழுந்த சத்தம் முற்றத்துக்குக் கேட்டது. இடுப்பு எலும்பு. மாமி இன்னும் கட்டிலில்தான்.

அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். எங்கள் குசினிக்கு வழுக்காத ரைல்ஸ். உலகத்திலேயே வழுக்காத ரைல்ஸ்.

நான் எப்படிப்பட்டவன் என்று கிழமைதோறும் இந்தப் பத்தியை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். ஒன்றைப் பிடித்தால் அதன் வேர் வரைக்கும் போவேன். இரண்டு கிழமை போனில் வீடியோ பார்த்தேன். கொப்பியில் குறிப்பெடுத்தேன். பிறகு கடைக்குப் போய், நாலு வகையில் ஒவ்வொரு மாதிரி ரைல் கேட்டு வாங்கி, நான் கட்டிக் கழித்த பழைய சாரத்தில் சுற்றி, படகில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் படகில் ஒரு சாமானை மறைத்துக் கொண்டுபோக ஏலுமா? துறையை விட்டு வெளிக்கிட்ட ஐந்தாவது நிமிடம் நாலு ரைலும் நாலு பேர் கையில். ஒருத்தர் சுண்டிப் பார்த்தார், ஒருத்தர் நகத்தால் சுரண்டினார். ஒரு அக்கா கோழி கொண்டுபோன கூடையை ஒதுக்கி வைத்துவிட்டு, ரைலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக் குளிர்ச்சி நல்லம் என்றார். படகு கரைக்கு வருமுன் எனக்கு ஒன்பது ஆலோசனை கிடைத்திருந்தது. ஒன்றையும் நான் கேட்கவில்லை. விஞ்ஞானம் படித்தவன் அல்லவா!

வீட்டில் பரிசோதனை தொடங்கியது. எட்டாம் வகுப்புக்கு உராய்வு படிப்பிக்கிறவன் நான். கொழுவி இழுத்தால் விசையைக் காட்டுகிற பள்ளிக்கூடத்து விற்றராசைக் கேட்டு எடுத்து வந்தேன். என் பழைய சப்பாத்துக்குள் கல்லைப் போட்டு, கயிறு கட்டி, தராசில் கொழுவி, ஒவ்வொரு ரைலின் மேலும் இழுத்தேன். காய்ந்த ரைல், நனைந்த ரைல், சவர்க்காரத் தண்ணீர் ஊற்றின ரைல், தேங்காயெண்ணெய் தடவின ரைல். அப்பா மாட்டைக் கட்டிவிட்டு வந்து, சப்பாத்து ஊர்வலம் போவதை வாய் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா எண்ணெய்ப் போத்தலை மட்டும் எட்டத்தில் எடுத்து வைத்தார்.

முடிவை அட்டவணை போட்டு அலுமாரிக் கதவில் ஒட்டினேன். மூன்றாம் இலக்க ரைல் வெற்றி. நல்ல சொரசொரப்பு, எண்ணெய் பூசினாலும் சப்பாத்து அசைய மறுத்தது. நிறமும் அபாரம் – மண்நிறத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பொட்டுப் பொட்டு. ஊத்தை தெரியவே தெரியாது.

அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டு விளக்கினேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். நீ சொன்னால் சரிதானே ராசா என்றார் அம்மா. எனக்கு அது கைதட்டல் மாதிரிக் கேட்டது.

ரைல்ஸ் பெட்டிகள் சாமான் படகில் வந்தன. மேசன் அருளப்பு அண்ணை வந்தார். நெடுந்தீவில் பாதி வீடுகளுக்கு நிலம் போட்டவர் அவர். ஒரு ரைலை எடுத்துக் குதிக்காலால் தேய்த்துப் பார்த்தார். ஆர் தெரிஞ்செடுத்தது என்று கேட்டார். தம்பிதான் என்று என்னைக் காட்டினார் அப்பா. அண்ணை குசினி மூலையில் சாத்தி வைத்திருந்த பலகையை ஒருக்காப் பார்த்தார், என்னை ஒருக்காப் பார்த்தார், மண்வெட்டியை எடுத்தார்.

அடுப்படிப் பக்கத்தை முதலில் முடிப்போம், அம்மாவுக்கு அடுப்பு கெதியில் திரும்பக் கிடைக்கட்டும் என்று திட்டம். மழைத்தண்ணீர்த் தாங்கியில் இருந்த நல்ல தண்ணீரில்தான் சீமெந்து குழைத்தோம். கிணற்றுத் தண்ணீரில் குழைத்தால் திரும்ப உப்புப் பூக்கும். மூன்று நாள் அம்மா வெளியே கொட்டிலில் சமைத்தார். நாலாம் நாள் அடுப்படி நிலம் காய்ந்து தயார். நான் துள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். வகுப்பில் இரண்டு பாடத்துக்கு என் ரைல்ஸைப் பற்றித்தான் கதைத்தேன் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு இடைவேளையில், திருத்தின விடைத்தாள்களை எடுக்க வீட்டுக்கு ஓடி வந்தேன். குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டேன்.

அம்மா பலகையில் இருந்தார். உப்புப் போத்தல் கையெட்டாத தூரத்தில். அம்மா குதிக்காலை நிலத்தில் ஊன்றி ஒரு உந்து உந்தினார். பலகை நகரவில்லை. இன்னொரு உந்து. நகரவில்லை. பிறகு இரண்டு உள்ளங்கையையும் ரைலில் ஊன்றி, உடம்பைத் தூக்கி, பலகையைச் சாண் தூரம் முன்னுக்கு இழுத்துப்போட்டு, அதன்மேல் விழுந்த மாதிரி இருந்தார். திரும்பவும் கையை ஊன்றினார். மூன்றாவது முறை ஏலவில்லை. சுவரைப் பிடித்து எழும்பி, நொண்டி நொண்டிப் போய் உப்பை எடுத்தார். இருந்து எழும்புவதுதான் அவருக்கு வருத்தம் என்று மேலே சொன்னேனே... ஒரு கறிக்கு உப்பு மட்டுமா போடுகிறோம்?

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்மா எங்கள் குசினியில் நடப்பதே இல்லை. ஒருமுறை பலகையில் இருந்தால், சமையல் முடியும்வரை சறுக்கித்தான் திரிவார். வெடித்த சீமெந்திலும் பலகை ஓடிய தடம் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாய்க் கிடந்தது. அடுப்பிலிருந்து தேங்காய்த் திருவலைக்கு ஒரு சறுக்கு, திருவலையிலிருந்து தண்ணீர்ப் பானைக்கு ஒரு சறுக்கு. முழங்கால் பழுதான பிறகும் மூன்று பேருக்கும் வாய்க்கு ருசியாகச் சமைக்கிறாரென்றால், அந்தச் சறுக்கலை வைத்துத்தான். வருடக்கணக்காக அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பார்க்கவில்லை.

நானோ தராசு வைத்து அளந்து, உலகத்திலேயே சறுக்காத ரைலைத் தேடிப்பிடித்து, அவருடைய காலுக்குக் கீழே ஒட்டிவைத்திருக்கிறேன். சப்பாத்தை இழுத்துப் பார்த்தவனுக்குப் பலகையை இழுத்துப் பார்க்கத் தோன்றியதா?

“ஏனம்மா சொல்லேல்லை?”

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். உடனே சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை.

“ஒண்டுமில்லையடா. புது நிலம்தானே. பழகிடும்.”

“ஆருக்கு? ரைலுக்கோ, உங்களுக்கோ?”

அம்மா உப்புப் போத்தலைத் திறந்தார். வெளியே மணல் அரித்துக்கொண்டிருந்த அருளப்பு அண்ணைதான் சொன்னார்.

“நான் முதல் நாளே கொப்பருக்குச் சொன்னனான் தம்பி. உந்தக் கல்லிலை கொம்மான்ரை பலகை நகராது எண்டு.”

“எனக்கெல்லோ சொல்லியிருக்கவேணும், அண்ணை.”

“சொல்ல வெளிக்கிட்டனான். கொப்பர்தான் மறிச்சவர். அவன் தராசு வைச்சுப் பாத்து எடுத்தவன், நீர் வாயை மூடும் எண்டார்.”

பின்னேரம் அப்பா மாடுகளோடு வந்ததும் கேட்டேன். அப்பா துவாயால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நாங்கள் ரெண்டு பேரும் மூண்டாம் வகுப்புத் தாண்டேல்லை. நீ அட்டவணையெல்லாம் போட்டு வைச்சிருக்கிறாய். பிழை எண்டு எந்த வாயாலை சொல்லுறது?”

நான் திரும்பி, அலுமாரிக் கதவில் இருந்த அட்டவணையைப் பார்த்தேன்.

யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் முதன்முதலாக ஒரு பிள்ளை படித்து முடிக்கிறது. எல்லாருக்கும் புளுகம், பெருமை. ஆனால் அந்த நாளிலிருந்து அந்த வீடு மெல்ல மெல்ல வாயை மூடிவிடுகிறது – அது யாருக்காவது தெரிகிறதா? தண்ணீர்த் தாங்கி எங்கே வைப்பது, கூரைக்கு என்ன தகரம் போடுவது, எந்த வங்கி, எந்த டொக்டர்... எல்லாவற்றுக்கும் “தம்பியைக் கேள்”. தம்பியும் வாயைத் திறக்கிறான், வீடும் தலையாட்டுகிறது. இந்த வீட்டில் என் கதையை மறுத்து யாராவது கடைசியாகக் கதைத்தது எப்போது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. எல்லாம் சரியாகச் செய்கிறேன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்?

ஆனால் நான் திருந்தினேன் என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். அடுத்த நிமிடமே இன்னொரு திட்டத்தோடு எழும்பினேன். ரைலை விடுவோம், பலகை உருள நாலு சில்லுப் பூட்டினால் என்ன? அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்னைச் சாமி மாதிரிச் சப்பறத்திலை இருத்தி இழுக்கப்போறியோ? அப்ப தவிலுக்கும் ஆளைச் சொல்லிவிடு.”

அருளப்பு அண்ணை மணல் அரிக்கிற வலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்பா சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அவ்வளவு காலத்துக்குப் பிறகு, என் திட்டம் ஒன்றுக்கு வீட்டில் முதல் நக்கல்! அதை விடக்கூடாது என்று பட்டது. நிலத்தில் சம்மணம் போட்டு இருந்து, அம்மாவைப் பார்த்து, இதெல்லாம் கிடக்கட்டும், நிலம் எப்படி இருக்கவேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள் என்றேன். சொல்லாமல் நான் எழும்பப்போவதில்லை என்றும் சொன்னேன்.

முதலில் கூச்சப்பட்டார். பிறகு தொடங்கினார் பாருங்கள்... எனக்குக் கொப்பி எடுக்க நேரமில்லை.

அடுப்படிப் பக்கம் சறுக்கவேண்டும். தண்ணீர் எடுக்கிற பக்கமும் பின்வாசலும் சொரசொரப்பாக இருக்கலாம். அங்கேதான் எல்லாரும் ஈரக்காலோடு வருவது. இரண்டு பக்கமும் சேருகிற இடத்தில் நூல் அளவு மேடும் இருக்கக்கூடாது, பலகை இடறும். ரைலுக்கும் ரைலுக்கும் இடையில் விடுகிற கோடு ஒடுக்கமாக வேண்டும், இல்லாவிட்டால் அதற்குள் மீன்முள் போய்ப் படுத்துக்கொள்ளும். கழுவின தண்ணீர் தானாக வாசலுக்கு ஓட ஒரு சின்னச் சரிவு வேண்டும். ஆனால் பலகை தானாக ஓடுகிற அளவுக்குச் சரிவு வேண்டாம்.

நான் பெருமையாகச் சொன்ன பொட்டு நிறம்? அதற்கும் குறை வந்தது.

“ஊத்தை தெரியாத நிலம் எனக்கு என்னத்துக்கு? மீன் செதில் கிடக்குது, சீனி கிடக்குது, தெரிஞ்சாத்தானே துடைக்கலாம். உதிலை நான் எறும்பு வந்த பிறகெல்லோ காணப்போறன்.”

இரண்டு கிழமை வீடியோ பார்த்தேனே, ஒருத்தராவது இதைச் சொன்னார்களா?

பக்கத்தில் நின்ற அருளப்பு அண்ணைக்கு உசார் வந்துவிட்டது. அடுப்படியில் பதித்ததைக் கழற்றலாம், நாலைந்து உடையும், பரவாயில்லை என்றார். கழற்றினதைக் கிணற்றடிக்கும், உடைக்காத பெட்டிகளில் இருப்பதைத் தண்ணீர்ப் பக்கத்துக்கும் போடலாம் என்றார். அடுப்படிக்கு மட்டும் புது ரைல் வேண்டும். நாளைக்கே போய் நாலு மாதிரி எடுத்துவருகிறேன் என்று வாயெடுத்தேன். அம்மா மறித்தார்.

“நீ தூக்கிக்கொண்டு வாறதை நான் என்னத்துக்குப் பாக்கவேணும். நானே வந்து இருந்து பாக்கிறன்.”

அப்படித்தான் போன சனிக்கிழமை அந்தப் பயணம். அம்மா தீவை விட்டு வெளிக்கிடுவது கிளினிக்குக்கு மட்டும்தான். அந்த முழங்காலோடு படகில் இறங்குவது லேசான காரியமல்ல. மேலே இருவர் பிடிக்க, கீழே இருவர் ஏந்த, நடுவில் அம்மா, எல்லாருக்கும் முதல் பலகை. எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம், குசினிக்குக் கல்லுப் பார்க்க என்று அம்மா சொன்ன தோரணையைக் கேட்டிருக்கவேண்டும். ஊர் முழுக்கக் காணி வாங்கப் போகிறவர் மாதிரி!

கடையில் மாதிரி ரைல்களை நிலத்திலேயே வரிசையாகப் பதித்து வைத்திருந்தார்கள். அம்மா பலகையை நடுவில் போட்டார். என் தோளைப் பிடித்து மெல்ல இருந்தார். விற்பனைக்கு நின்ற பெடியன் பதறி ஓடிவந்தான். அம்மாவுக்கு மயக்கம் என்று நினைத்துவிட்டான்.

“அம்மா, இருக்கக் கதிரை எடுத்து வரட்டோ?”

“வேண்டாம் தம்பி. கதிரையிலை இருந்து பாத்தால் எல்லாக் கல்லும் ஒண்டுதான்.”

ஒரு உந்து. பலகை அழகாகப் போனது. அடுத்த ரைலில் கொஞ்சம் இழுத்தது. அதற்கடுத்தது கண்ணாடி மாதிரி, பலகை விசையாகப் போய்ச் சுவரோரம் நின்றது. இது கூடிப்போச்சு என்றார் அம்மா. பெடியனுக்கு விசயம் பிடிபட்டுவிட்டது. ஓடிப்போய் இன்னும் இரண்டு பெட்டி உடைத்து, நிலத்தில் அடுக்கித் தந்தான். மாடிப்படியில் நின்ற, கட்டட எஞ்சினியர் மாதிரி ஒருத்தர், குளியலறை ரைல் பார்க்க வந்த ஒரு புதுக் குடும்பம், காசாளர் பிள்ளை – எல்லாரும் வந்து சுற்றி நின்றார்கள்.

பிறகு அம்மா சேலைத் தலைப்பை அவிழ்த்தார். உள்ளே ஒரு கடதாசிச் சுருள். அதற்குள்... விளைமீன் செதில். காயவைத்து, தீவிலிருந்து கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அந்த ஏசிக் கடைக்குள், பளபளக்கிற ரைல்களில், ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை தூவினார். தலையைச் சரித்துப் பார்த்தார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது – அரை நிமிடம்தான். அந்த எஞ்சினியர் மாதிரி ஆள் மெல்ல முழங்காலை மடித்துக் குந்தி, அம்மாவோடு சேர்ந்து செதில் தெரிகிறதா என்று பார்க்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு எனக்கு வெட்கமே இல்லை. என் அம்மா என்று எல்லாருக்கும் சொல்லவேண்டும் போல இருந்தது.

கடைசியில் ஒரு ரைலைத் தட்டினார். இளம் பச்சை, பூவில்லை, பொட்டில்லை. மினுக்கம் அளவாக. எந்தத் தரவரிசையிலும் என் கண்ணில் படாத ஒன்று.

“இது,” என்றார்.

செதிலைத் தானே பொறுக்கி எடுத்துக்கொண்டுதான் எழும்பினார்.

புதன்கிழமை பதித்து முடிந்தது. இரண்டு நிலமும் சேருகிற கோட்டில் அருளப்பு அண்ணை விரலால் தடவித் தடவி, அரத்தால் தேய்த்து, என் கையைப் பிடித்துத் தடவ வைத்து, மேடு தெரியுதோ மாஸ்டர் என்று நக்கலாகக் கேட்டார். தெரியவில்லை.

நேற்று அம்மா அடுப்படிக்குத் திரும்பினார். பலகையில் இருந்தார். குதிக்காலால் ஒரு உந்து – அடுப்பிலிருந்து தண்ணீர்ப் பானைக்குக் கையெட்டுகிற கோடு வரைக்கும் ஒரே சறுக்கு! நான் வாசலில் நின்று கத்திவிட்டேன். வேணுமென்றே இன்னொருமுறை போய் வந்தார் என்று எனக்குச் சந்தேகம்.

சரி, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை, தொடங்கியிருக்கிறது. தண்ணீர்த் தாங்கி வைத்த இடம் பிழையாம் – அப்பா சொல்கிறார், மூன்று வருடத்துக்குப் பிறகு. யன்னல் வெயிலுக்கு எதிரே வைத்தது பிழையாம் – அம்மா. கூரைத் தகரம் மழையில் காதை அடைக்கிறதாம் – இரண்டு பேரும். இன்றைக்குக் காலை பள்ளிக்கூடம் வெளிக்கிட்ட என்னைக் குசினியிலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, நீ போட்டிருக்கிற அந்தச் சேட் உனக்கு வடிவில்லை, எப்பவோ சொல்லவேணுமெண்டு இருந்தனான் என்றார் அம்மா.

நல்ல சந்தோசமாய்ப் போய் மாற்றிக்கொண்டு வந்தேன்.